அலியான்ஸ் பிரான்சேஸ் அரசு நிறுவனமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உலகின் பல நகரங்களில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ், பிரெஞ்சு அரசின் கிளை அலுவலகமா? அங்கே தேர்வு எழுதிப் பெறும் சான்றிதழை அரசுச் சான்றிதழாகக் கொள்ளலாமா?

பதில்: அது அரசு அலுவலகம் அன்று. சான்றிதழைப் பொறுத்தவரை, எந்தத் தேர்வை எழுதுகிறீர்கள் என்பதே முக்கியம்.

1870-71 போரில் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ், குறைந்துபோன தன் செல்வாக்கை மொழியின் வழியாக மீட்டெடுக்க விரும்பிய காலத்தில், 1883 ஜூலை 21 அன்று பாரிஸில் இந்தச் சங்கம் உருவானது. துனிசியாவில் பிரெஞ்சு அரசின் பிரதிநிதியாக இருந்த பால் காம்போனும் கல்வியாளர் பியர் ஃபொன்சேனும் இதற்கு முன்நின்றார்கள்; அறிவியலாளர் லூயி பாஸ்டர், சூயஸ் கால்வாய்ப் பணியை நடத்திய ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ், எழுத்தாளர் ஜூல் வெர்ன் ஆகியோர் தொடக்கத்திலேயே துணை நின்றார்கள். 'குடியேற்ற நாடுகளிலும் வெளிநாடுகளிலும் பிரெஞ்சு மொழியைப் பரப்புவதற்கான தேசியச் சங்கம்' என்பதுதான் முழுப் பெயர். அந்தப் பெயரில் காலனி ஆதிக்கத்தின் வாடை வெளிப்படையாகவே வீசுகிறது.

ஆனால் நடைமுறையில் வேரூன்றிய அமைப்புமுறை வேறு விதமானது. 1884இல் பார்சிலோனாவில் தொடங்கி அடுத்தடுத்து எழுந்த ஒவ்வோர் அலியான்ஸும், அந்தந்த நாட்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட, இலாப நோக்கமற்ற தனிச் சங்கமாகவும், உள்ளூர் நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இயங்குவதாகவும் அமைந்தது. பெயரைப் பயன்படுத்தும் உரிமையை வழங்குவதும் சங்க விதிகளை ஏற்பதும் பாரிஸில் 2007இல் நிறுவப்பட்ட அறக்கட்டளையின் பொறுப்பு. சில இடங்களில் இயக்குநரைப் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம் அனுப்பி ஊதியமும் தருகிறது என்றாலும், வருவாயின் பெரும்பகுதி மாணவர் செலுத்தும் கட்டணம்தான். ஆகவே ஒரு நகரத்து அலியான்ஸின் தரத்தை வைத்து இன்னொன்றை எடைபோட முடியாது. ஆசிரியர்களையும் வகுப்பின் அளவையும் நேரில் விசாரித்துவிட்டுச் சேர்வதே நல்லது. இதோடு பலரும் குழப்பிக்கொள்ளும் 'அன்ஸ்தித்யூ பிரான்சே' மையங்கள் பிரெஞ்சு அரசின் வெளிநாட்டுப் பண்பாட்டுக் கட்டமைப்பைச் சேர்ந்தவை.

இனி சான்றிதழ். பாடத்திட்டத்தை முடித்ததற்காக மையம் தரும் சான்று, அந்த மையத்தின் சான்று மட்டுமே. டெல்ஃப், டால்ஃப் இரண்டும் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் வழங்கும் பட்டயங்கள். மையம் தேர்வை நடத்துகிறது, பட்டயத்தை அரசு தருகிறது. மொழித்திறனைத் தொடக்கநிலையான ஏ1 முதல் மிக உயர்ந்த சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள்; ஏ1 முதல் பி2 வரையிலான நான்கு நிலைகள் டெல்ஃபிலும், சி1, சி2 ஆகியவை டால்ஃபிலும் அடங்கும். டெல்ஃபில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது. தேறியவருக்கு அது வாழ்நாள் முழுவதும் செல்லும். பிரெஞ்சு மொழித்திறனை அளக்கும் வேறு இரு தேர்வுகளான டி.சி.எஃப்., டி.இ.எஃப். ஆகியவற்றின் முடிவு இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதற்காக அவற்றைத் தாழ்வாக எண்ண வேண்டாம்: கனடாவின் மத்திய அரசு நடத்தும் திறன்சார் குடியேற்றத் திட்டங்களில் பிரெஞ்சுத் திறனுக்குச் சான்றாகக் கேட்பது இந்த இரண்டின் கனடாவுக்கான வடிவங்களையே; அந்தத் திட்டங்களுக்கு டெல்ஃப் பட்டயத்தால் பயனில்லை. பிரான்ஸில் பட்டப்படிப்புக்குச் செல்பவருக்கோ டெல்ஃப் பி2 பெரிதும் கைகொடுக்கும். எதற்காகப் படிக்கிறோம் என்று முடிவு செய்யாமல் தேர்வுக் கட்டணம் கட்டுவது வீண் செலவு.

கேள்வி: வகுப்பில் சேராமல் நூலகத்தை மட்டும் பயன்படுத்தலாமா?

பதில்: நூலகம் உள்ள பல மையங்களில் உறுப்பினர் கட்டணம் செலுத்தினாலே போதும். கூல்த்யூர்தெக் என்ற இணைய நூலகத்துக்கான அனுமதியும் அந்த உறுப்பினர் சேர்க்கையோடு கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூல்களோடு பிரெஞ்சு நாளிதழ்கள், இதழ்கள், சித்திரக்கதைகள் ஆகியவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதால், தொடக்கநிலை மாணவருக்கு அச்சு நூலகத்தைவிட அதுவே கூடுதலாக உதவும் என்பது என் கருத்து.