அமெரிக்காவில் இருக்கும் அம்மாவின் உயிலுக்கும் பவருக்கும் அங்கேயே நோட்டரி வாங்கினால் இங்கே செல்லுமா?

அம்மா அமெரிக்காவில் அண்ணன் வீட்டில், நீங்களும் சொத்தும் ஊரில் என்று புரிந்துகொள்கிறேன். எங்கள் வீட்டுக் கதையும் இதேதான், அதனால் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் இருந்தவள். சட்டம் படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கீழே இருப்பதெல்லாம் நானே அலைந்து தெரிந்துகொண்டது.

முதலில் உயிலையும் பவரையும் (நம் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். உயிலுக்கு நோட்டரி தேவையில்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகள் கையெழுத்தும்தான் 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது. பவர் அப்படியில்லை. வெளிநாட்டில் இருப்பவர் நிலத்துக்குப் பவர் கொடுத்தால், நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அதிகாரி முன்போ கையெழுத்துப் போட்டிருந்தால்தான் ரிஜிஸ்தர் ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள். பதிவுச் சட்டம் 33ஆம் பிரிவு. நாங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தோம்.

2022 மே மாதம் அம்மா நியூஜெர்சியில் இருக்கும் அண்ணனிடம் போனார். எண்பது வயது. ஆகஸ்டில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போதைக்கு விமானத்தில் உட்கார வைக்க முடியாது என்றுவிட்டார்கள். இன்சூரன்ஸ் கொடுத்தது போக நின்ற பில்லுக்கு, கும்பகோணம் பக்கத்தில் தன் பெயரில் இருக்கும் ஒரு மா (ஏறக்குறைய மூன்றில் ஒரு ஏக்கர்) நஞ்சையை விற்கச் சொன்னது அம்மாதான்.

அதை விற்க என் பெயருக்குப் பவரைத் தமிழில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினோம். அங்கே ஒரு வங்கிக் கிளையில் இருந்த நோட்டரி, தனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருப்பதற்கு முத்திரை வைக்க மாட்டேன் என்றார். ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினோம். கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்கி முத்திரை குத்தித் தந்தார். அது கூரியரில் வந்து, நான் கொண்டுபோய் நீட்டினால், இங்கே ரிஜிஸ்தர் ஆபீஸில் புரட்டிப் பார்த்துவிட்டு, "போட்டோ எங்கேம்மா? கைரேகை எங்கே? முதல் மூணு பக்கத்துல கையெழுத்தே இல்லையே, நடுவுல ஒரு தாளை மாத்திச் சொருகினா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் கேட்டது நியாயம்.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தோம். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, போட்டோ ஒட்டி அதன் மேல் பாதியும் தாளில் பாதியுமாகக் கையெழுத்து, கட்டைவிரல் ரேகை. அது நிஜ நோட்டரிதான் என்று அந்த மாநில அரசு ஒட்டித் தரும் அப்போஸ்டில் சான்று. 1961ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்துவிட்டதால் அந்தச் சான்று இங்கே செல்லும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் கையெழுத்து தமிழில்தான் இருக்கிறது, பவரிலும் அப்படியே போட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நாலு பக்கம் போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆயிற்றாம். பேனாவைக் கொடுத்த பிறகு, கடைசி 'ள்'இல் புள்ளி விட்டுப்போயிற்று என்று திரும்பக் கேட்டு வாங்கி வைத்தாராம். தாள் என் கைக்கு வந்தபோது அந்தப் புள்ளி மட்டும் கறுப்பாக அழுந்திக் கிடந்தது.

வீடியோ காலிலேயே நோட்டரி போடும் வசதி அங்கே பல மாநிலங்களில் வந்துவிட்டது. நாங்கள் அதை எடுக்கவில்லை. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிற்க வேண்டும், நேரில் போட்டதாகவே இருக்கட்டும் என்று எங்கள் பத்திர எழுத்தர் சொன்னார்.

கூரியர் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அட்ஜுடிகேஷன் என்பார்கள். என்றைக்கு வந்தது என்பதற்கு உறைமேல் இருக்கும் தேதிதான் சாட்சி. தேதி முத்திரையோடே வேலை பார்த்தவள் என்பதால் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன், கேட்கவும் செய்தார்கள்.

இதற்கு மேல், பவர் வைத்துக் கிரயம் செய்யும்போது பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள், முப்பது நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அதற்காக அம்மாவை மறுபடி தூக்கிக்கொண்டு போனான் அண்ணன். 2023 பிப்ரவரி 3ஆம் தேதியிட்ட சான்று வந்தது. 21ஆம் தேதிக்கு டோக்கன் போட்டாயிற்று. 19ஆம் தேதி அம்மா போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, சர்டிபிகேட்டுக்கு இன்னும் பதினாலு நாள் உசுரு இருக்கு, நாளன்னிக்கு வந்து கையெழுத்தப் போட்டுடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். பவர் கொடுத்தவர் இறந்த நிமிஷமே பவர் முடிந்துவிடும். தெரிந்துகொண்டே நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா உயிரோடு இருக்கிறார் என்று கையெழுத்துப் போடுவதா? வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பில்லை அண்ணன் கடன் வாங்கிக் கட்டினான். பிழைக்கத் தெரியாதவள் என்று இன்றும் சொல்லும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், சொல்லட்டும்.

கடைசியில் கைகொடுத்தது நோட்டரியே பார்க்காத அந்த உயில்தான். கோடு போட்ட நோட்டுத் தாளில் அம்மா தன் கையாலேயே தமிழில் எழுதியது. சாட்சி யார் என்பதில்தான் வக்கீல் எங்களை நிறுத்தினார். நாளைக்குக் கோர்ட்டில் கேட்டால் குறைந்தது ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டும், அமெரிக்காவிலிருந்து யார் வருவார்கள் என்று கேட்டார். அண்ணனின் நண்பர்களில், தஞ்சாவூரில் பெற்றோர் இருந்து வருஷம் தவறாமல் வந்துபோகும் இருவரைப் பிடித்தோம். இருவருக்கும் நாற்பது வயதுக்குள்தான். வாரிசுகளையும் அவர்களின் கணவன் மனைவியையும் சாட்சியாகப் போடாதீர்கள். சென்னை எல்லைக்குள் இருந்த சொத்து என்றால் அப்போது புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்கியே தீர வேண்டும், எங்கள் நிலத்துக்கு அது தேவைப்படவில்லை. உயிலில் எனக்குப் பாதி, அண்ணனுக்குப் பாதி. அவன் தன் பாதிக்குப் பவர் அனுப்ப, அடுத்த வருஷம் வேறொருவருக்கு விற்றோம்.

இந்தப் பாதி என்ற வார்த்தைக்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். நான் 1987இல் கல்யாணமானவள். 2005இல்தான் அந்தத் தடை போயிற்று. அம்மாவின் சொந்த நிலத்துக்கும் அந்தச் சட்டங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து, "நகை போட்டுத்தானே அனுப்பினோம், விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போம்மா" என்றார். அண்ணன்தான் போனில், "அம்மா எழுதினதுல யாரும் கை வைக்க வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தான்.

உங்கள் அம்மாவுக்கு வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. எழுபதைத் தாண்டியவர் என்றால் பவருக்கு நோட்டரி தேடுவது அடுத்த வாரம் இருக்கட்டும், இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டு உயிலை எழுதி முடிக்கச் சொல்லுங்கள்.