குறுக்கு விசாரணை முடிந்த பிறகு கிடைத்த கேமரா பதிவு

கேள்வி: 2023-இல் என் தம்பியைக் கஞ்சா வழக்கில் கைது செய்தார்கள். இரவு 9 மணிக்குப் பஸ் நிலையத்தில் பிடித்ததாகவும், தோள்பையில் 6 கிலோ இருந்ததாகவும் போலீஸ் சொல்கிறது. உண்மையில் 7.30 மணிக்கே ஒரு டீக்கடை வாசலில் வைத்து ஜீப்பில் ஏற்றிச் சென்றார்கள். 2024 தொடக்கத்தில் நீதிமன்ற விசாரணை ஆரம்பித்து, இன்ஸ்பெக்டரின் குறுக்கு விசாரணையும் முடிந்துவிட்டது. அன்றைய கேமரா பதிவைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த கடைக்காரர், பயத்தில் இத்தனை நாள் சொல்லாமல் இருந்து இப்போதுதான் சொல்கிறார். சோதனை செல்லாது என்று மறுபடி வாதிட முடியுமா? அமெரிக்காவில் இதற்குத் தனி விசாரணையே உண்டாமே?

பதில்: சகோதரி, அங்கே சாட்சியத்தை விலக்கக் கோரும் மனுவை வழக்கு விசாரணைக்கு முன்பே தனியாகக் கேட்டு முடிப்பார்கள். நம் நாட்டில் அப்படியொரு கட்டம் இல்லை. சோதனை முறையாக நடந்ததா என்பது தீர்ப்பில்தான் முடிவாகும். முறைகேடாகக் கைப்பற்றிய பொருள்கூட, வழக்குக்குத் தொடர்புடையது என்றால் பொதுவாகச் சாட்சியமாகும் என்பது உச்ச நீதிமன்றத்தின் பூரண்மல் வழக்குத் தீர்ப்பிலிருந்து வரும் நிலைப்பாடு.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-வது பிரிவு இதற்கு முக்கியமான விலக்கு. கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனையிடப்படும் உரிமையைச் சொல்லாமல் உடலைச் சோதித்தால், அப்படி எடுத்த பொருளை வைத்துத் தண்டிக்க முடியாது. 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைக் கண்டிப்பாகச் சொன்னது. ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் கஞ்சா இருந்ததாகச் சொல்வது பையில். 50-வது பிரிவு பைக்குப் பொருந்தாது என்று பவன் குமார் வழக்கில் 2005-இலும், ரஞ்சன் குமார் சட்டா வழக்கில் 2023-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வாதத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

உங்கள் பலம் நேரமும் இடமும். 9 மணிக்குப் பஸ் நிலையத்தில் எழுதியதாகச் சொல்லும் மகஜர் (பறிமுதல் பற்றிப் போலீஸ் எழுதும் பதிவு) பொய் என்று காட்டினால், பறிமுதலே சந்தேகத்துக்கு உள்ளாகும். அதற்கு இன்ஸ்பெக்டரைத் திரும்பக் கூண்டில் ஏற்ற வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 311-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 348. அந்தத் தேதிக்கு முன்பே நீதிமன்ற விசாரணை தொடங்கியதால் உங்களுக்குப் பழைய பிரிவுதான். தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் மனுப் போடலாம். நியாயமான முடிவுக்கு அந்தச் சாட்சியம் அவசியம் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால், சாட்சியை அழைத்தே ஆக வேண்டும்.

மனுவில் பழைய வக்கீல் சரியாகக் கேட்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். வக்கீல் மாறியதோ அவர் திறமைக் குறைவோ தனிக் காரணமாகாது என்று 2015-இல் சிவ்குமார் யாதவ் வழக்கில் தீர்ப்பு வந்தது. பதிவு எப்போது, யார் மூலம் தெரிய வந்தது, முன்பே ஏன் கிடைக்கவில்லை, இன்ஸ்பெக்டரிடம் எந்தக் கேள்விகள் கேட்கப் போகிறீர்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். கடைக்காரரையும் உங்கள் தரப்புச் சாட்சியாகக் காட்டுங்கள். இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று அரசு வக்கீல் அவரைக் குடைவார். பயந்த உண்மையை அவர் அப்படியே சொல்லட்டும். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

மனு தள்ளுபடியானால், அந்த உத்தரவை மேல் நீதிமன்றம் சரிபார்க்கக் கோரும் சீராய்வு மனு நிற்காது. அது வழக்கின் நடுவே வரும் இடைக்கால உத்தரவு என்று சேதுராமன் எதிர் ராஜமாணிக்கம் வழக்கில் 2009-இல் முடிவாகிவிட்டது. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைத்தான் நாட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு, அந்தப் பென் டிரைவை யாரும் கணினியில் செருகிப் பார்க்காமல் வக்கீலிடம் ஒப்படையுங்கள். பதிவெடுத்த கருவி இன்னும் கடையில் இருந்தால் அதையும் மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். நகலை மட்டும் தாக்கல் செய்வதானால், மின்னணுப் பதிவுகளுக்குத் தேவைப்படும் சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் இல்லாமல் நீதிபதி அதைப் பார்க்கவே மாட்டார்.