பழைய எச்.பி. 16சி கால்குலேட்டரை இன்று வாங்கலாமா?

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலர் எனும் சிறு கணினிச் சிப்புகளுக்கு நிரல் எழுதுகிறேன். எச்.பி. 16சி ஒன்று பழைய பொருளாக விலைக்கு வந்திருக்கிறது. கைப்பேசியில் இலவசச் செயலிகள் இருக்கும்போது இதற்குப் பணம் போடலாமா? வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: நல்ல நிலையில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனம் நிரலாளர்களுக்கென்றே செய்த கால்குலேட்டர் இது. 1982 முதல் 1989 வரை விற்பனையில் இருந்தது.

எண்ணின் அகலத்தை 1 பிட் (0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம்) முதல் 64 பிட் வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். இதன் அருமையே அதுதான். 8 பிட், குறியற்ற (எதிர்மறை இல்லாத) எண் என்று வைத்து, ஹெக்ஸ் எனும் 16 அடிமான முறையில் எஃப்எஃப்புடன் (255) 1 கூட்டிப் பாருங்கள். விடை 0. திரையின் அடியில் சி, ஜி என்ற இரண்டு எழுத்துகள் தோன்றும். சி என்றால் மிகுதி பிட் வெளியேறியது. ஜி என்றால் உண்மையான விடை 8 பிட்டுக்குள் அடங்கவில்லை. எதிர்மறை எண்களையும் குறிக்கும் இரண்டின் நிரப்பி முறைக்கு மாற்றி அதையே செய்தால் சி மட்டும் வரும். அங்கே எஃப்எஃப் என்பது -1 அல்லவா? உங்கள் சிப்புக்குள் நடப்பது அப்படியே கண்முன் தெரிகிறது.

சமக்குறி விசை கிடையாது. 5, என்டர், 3, பிறகு கூட்டல். 'ஐந்தையும் மூன்றையும் கூட்டு' என்று வினையைக் கடைசியில் சொல்லும் நமக்கு இந்த வரிசை சீக்கிரம் பழகிவிடும். ஏ முதல் எஃப் வரை தனித்தனி விசைகள். ஹெக்ஸ் (16), டெசிமல் (10), ஆக்டல் (8), பைனரி (2) ஆகிய எண் முறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே அழுத்தல். கண் ஆசிலோஸ்கோப் எனும் மின்சைகை காட்டும் கருவியில் இருக்க, விரல் தானாக இடம் கண்டுகொள்ளும். வழுவழுப்பான கைப்பேசித் திரையில் அது முடியாது. நான் இதை இன்னும் மேசையில் வைத்திருப்பது அதனால்தான். ஒரு குறை: பைனரியில் ஒரு நேரத்தில் 8 இலக்கங்களே தெரியும், மீதியை நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். செல் கசிந்து தொடுமுனைகள் அரித்திருந்தால் வேண்டாம். அடியிலுள்ள ரப்பர் பாதங்கள் பிய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கலாம். திருகுகள் அவற்றின் கீழேதான் உள்ளன. அடுத்து, அணைத்த நிலையில் ஆன், பெருக்கல் விசைகளைச் சேர்த்து அழுத்தி, ஆன் விசையை முதலிலும் மற்றதைப் பிறகும் விடுங்கள். சற்றுப் பொறுத்தால் திரை முழுவதும் 8 நிறைய வேண்டும். ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள். தேறினால் மூன்று சில்வர் ஆக்சைடு பொத்தான் செல்கள் போடுங்கள். தேறாவிட்டால், இதே விசையமைப்பில் ஸ்விஸ்மைக்ரோஸ் நிறுவனம் செய்யும் டிஎம்16எல் இருக்கிறது.