வாசகர் கேள்வி - பதில்: பள்ளிக்கூடத்தில் வில்லும் அம்பும்

கேள்வி: என் மகள் ஏழாவது படிக்கிறாள். அவள் பள்ளியில் இந்த வருடம் வில்வித்தை வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். கவனம் கூடும், மார்க்கும் ஏறும் என்கிறார்கள். கோ-கோ, கபடி எதிலும் அவளைச் சேர்த்துக்கொள்வதில்லை. இதிலாவது சேர்க்கலாமா?
- ஒரு தாய், கரூர்

பதில்: தாராளமாகச் சேருங்கள் சகோதரி, ஆனால் மார்க்கை நினைத்துச் சேர்க்காதீர்கள். வில் பிடித்தால் கணக்கில் நூறு வரும் என்று நான் எந்தப் பெற்றோரிடமும் சொன்னதில்லை. அப்படி நம்பிச் சேர்ப்பவர்கள் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள், அந்தப் பிள்ளையோ அப்போதுதான் நாணை ஒழுங்காக இழுக்கவே பழகியிருக்கும்.

ஓர் அம்பு எய்ய ஒரு குழந்தை என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கணும், அம்பை நாணில் பொருத்தணும், வில்லைத் தூக்கி, நாணைத் தாடைவரை இழுத்து, அங்கே ஒரு நொடி அசையாமல் நிறுத்தி, விரல்களைத் தளர்த்தி, அம்பு போய்த் தைக்கும்வரை வில்லை இறக்காமல் நிற்கணும். அம்பு இடது பக்கம் போனால் பந்தைச் சரியாகப் போடவில்லை என்று யாரையும் சொல்ல முடியாது, நடுவரோடு சண்டை போட முடியாது. முதல் சில வாரங்கள் பிள்ளைகள் இலக்குப் பலகையையே பார்த்து முகம் வாடுவார்கள். அப்புறம் ஒரு நாள், நாம் கேட்காமலே, "சார், கையைச் சீக்கிரம் இறக்கிட்டேன்" என்று ஒரு குரல் வரும். தப்பைத் தானே கண்டுபிடித்து, அழாமல் அடுத்த அம்பை எடுக்கும் அந்தப் பழக்கத்துக்காகவே எல்லாப் பள்ளியிலும் இது வேண்டும் என்பேன்.

உடம்புக்கும் நல்லது. நாணை இழுப்பது கை வேலை மாதிரி தெரியும், உண்மையில் முதுகுத் தசையின் வேலை. கூனி உட்கார்ந்தே பழகிய பிள்ளைகள் இதில் நிமிர்ந்து நிற்கப் பழகுகிறார்கள். வேகமாக ஓட வராத பிள்ளை, குள்ளமான பிள்ளை, பெண் பிள்ளை, ஆண் பிள்ளை எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கலாம். அமெரிக்காவின் கென்டக்கியில் 2002-ல் பள்ளி வில்வித்தைத் திட்டம் தொடங்கியபோது, அதை உடற்கல்வி வகுப்பிலேயே வைத்தார்கள். தேர்ந்தெடுத்த நாலு பேருக்கு மட்டும் இல்லை, வகுப்பில் இருக்கிற எல்லாருக்கும். வில்லும் அதற்கேற்ற மாதிரி, உயரமானவர் குட்டையானவர் யார் எடுத்தாலும் இழுக்க வருவது. உங்கள் மகள் பள்ளியிலும் அப்படித்தானா, இல்லை போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் வில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: கூர்மையான அம்பைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுப்பது ஆபத்தில்லையா? பேரனை நினைத்தால் பயமாக இருக்கிறது.
- ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: உங்கள் பயம் நியாயம்தான் ஐயா, அம்பு விளையாட்டுப் பொருள் இல்லை. அதனால்தான் எல்லாமே விசிலில் நடக்கணும். இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வரலாம், ஒன்று என்றால் எய்யலாம், மூன்று என்றால் வில்லை வைத்துவிட்டு அம்பு எடுக்கப் போகலாம். ஐந்து, அதற்கு மேல் விடாமல் ஊதினால் யார் எந்த நிலையில் இருந்தாலும் உடனே நிறுத்தணும். ஒருவர் அம்பு தீரவில்லை என்றாலும் மற்ற யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. பலகையிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது, நிறைய பேர் மறப்பது இதைத்தான்.

ஒரு நாள் போய் ஓரமாக நின்று பாருங்கள். விசில் இல்லாமல், பலகைக்குப் பின்னால் வலையோ மண்மேடோ இல்லாமல் வகுப்பு நடந்தால் பேரனைக் கையோடு கூட்டி வந்துவிடுங்கள். வில்லின் எடையையும் கேளுங்கள், எடை என்றால் தூக்கும் எடை இல்லை, இழுக்கும் பலம், பவுண்டில் சொல்வார்கள். சீக்கிரம் பதக்கம் வேண்டும் என்று கனமான வில்லைக் கொடுத்துச் சின்னப் பிள்ளையின் தோளைக் கெடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: எங்களுடையது அரசுப் பள்ளி. விலை உயர்ந்த வில்லுக்கு எங்கே போவது?
- ஓர் ஆசிரியர், தருமபுரி

பதில்: மூங்கில் வில்லில் ஆரம்பிக்கலாம். தேசியப் போட்டிகளிலேயே 'இந்தியன் ரவுண்டு' என்று அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்வார்கள். வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரி ஜார்க்கண்டில் ஆட்டோ ஓட்டுநரின் மகள், மூங்கில் வில்லில் தொடங்கியவர். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 16 வயதில் இரண்டு தங்கம் வாங்கினார். முதல் சில வாரங்களுக்கு வில்லே வேண்டாம், உடற்பயிற்சிக்கு விற்கும் ரப்பர் பட்டையை இழுத்தே நிற்கும் முறை, இழுக்கும் முறை எல்லாம் பழகிவிடலாம். பிறகு ஏழெட்டு மீட்டரில் பெரிய பலகை வையுங்கள், பக்கத்தில் இருந்து எய்து அம்பு தைப்பதைப் பார்த்தால்தான் பிள்ளைக்கு ஆசை வரும். பயிற்சியாளருக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், பயிற்சி பெற்ற ஆள் கிடைக்கும்வரை அம்பைத் தொட வேண்டாம்.

கேள்வி: என் தம்பி சக்கர நாற்காலியில் இருக்கிறான், பத்தாவது படிக்கிறான். பள்ளியில் அவனை வேடிக்கை பார்க்கச் சொல்கிறார்கள்.
- ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: அது ரொம்பத் தப்பு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் வெண்கலம் வாங்கிய ராகேஷ் குமார் சக்கர நாற்காலியில் இருந்துதான் எய்கிறார். அவருடன் ஆடிய ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை, காலால் வில்லைப் பிடித்துத் தோளால் இழுக்கிறார், அப்போது அவருக்கு வயது 17. அதே பாரிஸில் ஹர்விந்தர் சிங் தங்கமே வாங்கினார். இதை அப்படியே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் தரை சமமாக இருந்து, சக்கரத்தின் பிரேக் நன்றாகப் பிடித்தால் உங்கள் தம்பிக்கும் அங்கே ஓர் இடம் போட்டுவிடலாம். மறக்காமல், நாணில் உரசாத மாதிரி நாற்காலியின் கைப்பிடியைக் கழற்ற முடியுமா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.