பாசிக் கொட்டகையில் தனியாகச் சாப்பிடும் அக்கா

வணக்கம் தங்கச்சி. மண்டபத்துல கடல்பாசி காயவைக்கிற உங்க கொட்டகையில பன்னிரண்டு பேர். அகதிகள் முகாமிலிருந்து வர்ற இலங்கை அக்கா மட்டும் மதியம் தனியா சாப்பிடுறாங்க, எல்லாரையும் கூட்டிவச்சுக் கண்டிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

வேண்டாம். திட்டு வாங்கினவங்க கோபம் முழுக்க அந்த அக்கா மேலதான் திரும்பும். வேலை இடத்துல ஒருத்தரை ஒதுக்குறதைப் பத்தி எழுதி, கடை கடையா பயிற்சியும் நடத்துறவன் நான். ஆரம்பத்துல இதே தப்பைச் செஞ்சேன். ஒரு பொண்ணு மறுநாள் வேலைக்கே வரல. இன்னும் உறுத்துது.

முதல்ல அந்த அக்காகிட்டயே தனியா கேளுங்க. சிலருக்குத் தனியா சாப்பிடுறதுதான் நிம்மதி.

அப்புறம் ஜோடியை மாத்துங்க. மிதவைக் கயித்துல பாசி கட்டுறது ரெண்டு பேரா உட்கார்ந்து செய்ற வேலை. அறுவடைக்கு எப்படியும் 45 நாள் ஆகும். அந்த ஒரு சுத்து முழுக்க அந்தப் புது ஜோடியே இருக்கட்டும். பேச்சு தானா வரும். 1964 புயலுக்கு முன்னாடி தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடின கரை இது. அந்தக் கரைக் கதை இல்லாத வீடு நம்ம பக்கம் குறைவு.

கூலியிலயும் தண்ணிக் குவளையிலயும் மட்டும் பொறுமையே கூடாது. தனிக் குவளை இருந்தா இன்னைக்கே எடுத்துருங்க. 'முகாம் அக்கா'ன்னு கூப்பிடாம நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்க, மத்தவங்களும் பழகுவாங்க.

முகாம்ல அதிகாரிங்க வந்து ஆள் சரிபார்க்கிற தணிக்கை நாள் எதுன்னு கேட்டு வச்சுக்கங்க. அன்னைக்கு அவங்க வரலைன்னா, 'சலுகை'ன்னு முணுமுணுப்பு வர்றதுக்கு முன்னாடியே காரணத்தைச் சொல்லிருங்க.