அப்பாவிடம் சொல்லாத செய்தி

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் என்னையும் சித்தப்பாவையும் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார். அப்பாவிடம் குடல்புண் என்று சொல்லிவிட்டோம். நான்கு மாதம் இருந்தார். மூன்றாம் மாதத்தில் ஒருநாள், "தை அறுப்புக்குள்ள எழுந்திருவேனாடா?" என்று கேட்டார். "அதுக்கென்னப்பா" என்றேன். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அத்தையைப் பற்றியும் இரண்டு முறை கேட்டார். உடம்பு சரியாகட்டும், நாமே போய்ப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தோம்.

சித்தப்பா இப்போதும் "பொய்மையும் வாய்மை இடத்த" என்று குறளைச் சொல்கிறார். நல்லது கெட்டது எல்லாம் சூழ்நிலையைப் பொறுத்ததுதானா? அப்படியென்றால் எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

(பெயர் வேண்டாம்), திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் குறளில் முன்பாதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்பது பின்பாதி. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் மட்டுமே பொய்க்கு அந்த இடம். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் வாசலை இன்னும் குறுக்குகிறார். கேடோ சாவோ நெருங்கி நிற்கும் ஓர் உயிர் அந்தப் பொய்யினாலேயே தப்பவேண்டும் என்கிறார். வெட்ட வருகிறவனிடம் "அவன் இந்தப் பக்கம் வரலையே" என்பது இதில் சேரும். குடல்புண் என்று சொன்னதால் உங்கள் அப்பா தப்பவில்லை.

அதே நூலில் 656ஆம் குறளையும் பாருங்கள். "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை." பெற்றவள் பட்டினி கிடப்பதைவிட நெருக்கடியான சூழ்நிலை ஏது? அதற்கும் விலக்கு இல்லை என்கிறார் வள்ளுவர். இரண்டு குறளும் முட்டிக்கொள்கின்றன என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்புறம் அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். பொய்க்கு இடம் தருவது துறவிகளைப் பற்றிய துறவறவியலில், வாய்மை அதிகாரத்தில் இருக்கிறது. இடமே தராதது அமைச்சரைப் பற்றிய பகுதியில், வினைத்தூய்மையில் இருக்கிறது. பரிமேலழகரும் இதைக் கவனித்திருக்கிறார். முதிய பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடினால் தீயவை செய்தாவது காப்பாற்றலாம் என்று அறநூல்களில் பொதுவிதி உண்டு, அது அமைச்சருக்குப் பொருந்தாது என்று எழுதுகிறார்.

ஆக, சூழ்நிலைக்குக் கணக்கில் இடம் உண்டு. அந்தச் சூழ்நிலையில் நாம் யாராக நிற்கிறோம் என்பதும் அதில் அடக்கம். தனக்கென்று எதுவும் வேண்டாதவர் சொல்லும் பொய்யில் அவருக்கு லாபம் இல்லை. அதிகாரம் கையில் உள்ளவர் அப்படி இல்லை. அந்த நான்கு மாதமும் அப்பாவின் உடம்பைப் பற்றிய செய்தி முழுக்க உங்கள் இருவர் கையில் இருந்தது, அவர் கையில் ஒன்றுமே இல்லை. அந்த வீட்டில் நீங்கள்தான் அமைச்சர்.

என் அம்மா ஐ.சி.யூ.வில் இருந்தபோது அண்ணன் இறந்துபோனான். சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஆறாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், சோறு சாப்பிட்டார், பேப்பர் படித்தார். அப்போதும் சொல்லவில்லை. எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான். பதினாறாம் நாள் கருமாதியும் கழித்துவிட்டுச் சொன்னபோது, "காரியமெல்லாம் முடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் உங்கள் முதல்நாள் பொய்யை நான் குறை சொல்லமாட்டேன். பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் ஸ்கேன் முடிவு வந்த கையோடு எல்லாவற்றையும் கொட்டவேண்டியதில்லை. ஆனால் தை அறுப்பைப் பற்றிக் கேட்டவர் வேறு ஆள். அவர் நாளை எண்ணத் தொடங்கியிருக்கிறார். உங்கள் அத்தையை இரண்டு முறை கேட்டதும் அதனால்தான் இருக்கும். எல்லாம் சூழ்நிலையைப் பொறுத்தது என்கிற நாம், அந்தச் சூழ்நிலை கண்ணெதிரே மாறும்போது பார்ப்பதில்லை. முதல்நாள் எடுத்த முடிவையே கடைசிவரை சுமக்கிறோம். ஆரம்பத்தில் அது அவருக்காகச் சொன்ன பொய். போகப்போக நமக்காக ஆகிவிடுகிறது.

தூக்கம் வராததைப் பற்றிக் கேட்டீர்கள். சித்தப்பா சொல்லும் குறளுக்கு அடுத்த குறளே "தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்று முடிகிறது. உங்களைக் கெட்ட மகன் என்று அது சொல்லவில்லை. அப்பா கேட்ட கேள்வி உங்கள் காதில் சரியாகவே விழுந்திருக்கிறது, அதுதான் சுடுகிறது.

அத்தை இப்போது இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் போய்ப் பாருங்கள். அப்பா அவரை இரண்டு முறை கேட்டார் என்று சொல்லுங்கள். நீங்கள் தள்ளிப்போட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள்.