கேட்கும் முன்பே விலையைக் குறைக்கிறீர்களா?

வணக்கம். வீட்டில் துணிப்பை தைத்து விற்கிறீர்கள், வாங்குபவர் பேரம் பேசும் முன்பே நீங்களே விலையைக் குறைத்துவிடுகிறீர்கள், தினமும் "நான் வளமாக இருக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தும் பயம் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அது உங்கள் குறையில்லை. 2013இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், கரும்பு விவசாயிகள் அறுவடைக்கு முன், கையில் காசில்லாதபோது, சிந்தனைத் திறன் சோதனைகளில் குறைவாகச் செய்தார்கள். அறுவடைக்குப் பின் அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். பணமுடை புத்தியையே பிடித்துக்கொள்கிறது. அதனால் முதலில் தொழில் பணத்தையும் வீட்டுச் செலவையும் தனித்தனியாகப் பிரியுங்கள். இந்தப் பை விற்றால்தான் இந்த வாரம் ஓடும் என்ற நிலையில் நிமிர்ந்து விலை சொல்வது கஷ்டம்.

அப்புறம் கணக்கு. 100க்கு விற்கும் பைக்குத் துணி, நூல், உங்கள் கூலி எல்லாம் சேர்த்து 60 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். (கூலியைத் தயவுசெய்து சேருங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.) 20 குறைத்தால் லாபம் 40லிருந்து 20 ஆகிறது, சரிபாதி. பழைய லாபத்துக்கு இரண்டு மடங்கு பை தைக்க வேண்டும்.

விலையை எழுதி அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். குறைக்கச் சொன்னால் சிறிய பை, ஜிப் இல்லாத பை என்று வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். சிலர் போய்விடுவார்கள், வலிக்கும்தான். அடுத்த பத்து ஆர்டருக்கு இப்படிச் செய்துவிட்டு, எத்தனை பேர் போனார்கள் என்று வந்து எழுதுங்கள்.